கதவில் தொங்கிய ஐடி கார்டு

1

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளை நாங்கள் ஒவ்வொரு வருடமும் பாயசம் வைத்துக் கொண்டாடுவோம். இந்த வருடம் பால் பொங்கி வரும் நேரத்தில் சமையலறை ஜன்னலை யாரோ விரலால் தட்டினார்கள். எதிர் வீட்டு ஹெலன். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இந்தத் தெருவில் எங்கள் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரே மனுஷி அவர்தான்.

அவர் வாசல் மணியை அழுத்தாமல் ஜன்னலுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. முன்கதவின் கைப்பிடியில் என் கணவர் ராஜின் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. முதல் முறை அதைப் பார்த்தபோது யாரோ தொலைத்த பொருள் என்று நினைத்து எடுத்து எங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். இரண்டாம் முறையும் அதையே செய்தார். மூன்றாம் முறை நான் குறுக்கே ஓடிப்போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. “எங்கள் ஊரில் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் கார்டைக் கதவில் மாட்டிவிடுவார்கள். மாட்டியிருந்தால் யாரும் தட்டக் கூடாது” என்றேன். ஹெலனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து கார்டைப் பார்த்தால் காலடிச் சத்தம்கூட வராமல் நடப்பார்.

அன்று அவர் கையில் ஒரு தாள் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கும் கம்பளக் கடையை இடித்துவிட்டு ஆறு மாடி அடுக்குக் குடியிருப்பு கட்டப்போகிறார்களாம். அத்தனை வீட்டுக்கும் சேர்த்துக் கார் நிறுத்த நாலைந்து இடம்தானாம். அதை எதிர்த்துத் தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நான்தான் பாக்கி.

“அங்கே இடம் கிடைக்காதவர்கள் கார் எல்லாம் ஸ்டேஷன் தெருவில் வந்து நிற்கும், ஜெயா. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் காரை எங்கே விட்டுவிட்டு ரயில் ஏறுவேன்?” என்றார்.

பேனாவையும் நீட்டினார். நானும் வாங்கிவிட்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்று வளர்க்கப்பட்ட கை அது, தானாக நீண்டுவிடும். ஆனால் அந்தக் கட்டடத்தில் குறைந்த வாடகைக்கு விடப்போகும் சில வீடுகளில் ஒன்றுக்கு நாங்கள் பெயர் கொடுத்திருந்தோம். அது ஹெலனுக்குத் தெரியாது.

“அவர் எழுந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். பால் அடிப்பிடித்துவிட்டது.

2

எங்களுக்கு அந்த வீடு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மெல்பர்னின் மேற்கு விளிம்பு. ஊர் முடிந்து புல்வெளி தொடங்கும் இடம். வாடகை இங்கேதான் கட்டுபடியாகும். பெரிய வீடுகள், அகலமான தெரு. பகலில் தெருவில் ஒரு ஆள் நடந்து போனால் ஜன்னல் வழியாகப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு அபூர்வம். பஸ் மணிக்கு ஒன்று. அதுவும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வந்தது. வந்த புதிதில் நான் வீட்டு முனையில் நின்று பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டினேன், ஓசூரில் கம்பெனி பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. டிரைவர் சிரித்த முகமாகக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ராஜ் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு உடம்பெல்லாம். வலிப்பு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி சொல்லும்வரை கார் ஓட்டக் கூடாது, ஃபோர்க்லிஃப்ட் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். கிடங்கில் நல்ல மனதோடு அவரைப் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். ஆனால் அந்த ஷிப்ட் விடியும் முன்பே தொடங்குகிறது, முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வருகிறது. இப்போதைக்கு ஒரு பஞ்சாபி நண்பர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். அவரும் வேறு ஊருக்கு மாறப்போகிறார். அதன் பிறகு என்ன என்று தெரியவில்லை.

நான் ஓட்டலாமே என்பீர்கள். இரண்டு முறை டெஸ்டில் தோற்றிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். கண்ணாடியில் பார்க்கச் சொன்னால் பின்னால் வருகிறவன் எங்கள்மேல் மோதப்போவதாகவே தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாசலில் எங்கள் கார் தூசி படிந்து நிற்கிறது. யாரோ அதில் விரலால் சிரிக்கும் முகம் வரைந்திருக்கிறார்கள்.

வேலையை விடவும் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ராஜ் மதியம் வீடு திரும்பி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவார். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருப்பேன். பதினாறு வயது மகள் நிஷா பள்ளியில். அந்த நேரத்தில் மறுபடி வலிப்பு வந்தால்? இரண்டு பக்கமும் சுவருக்கும் வேலிக்கும் நடுவே கார் போகும் அளவுக்கு இடைவெளி. விழுந்தால் யாருக்குக் கேட்கும்? ரயில் நிலையத்துக்கு அருகே ஆறு மாடி என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் தோன்றியது ரயில்கூட இல்லை. பக்கத்துச் சுவர்தான்.

3

நான் வளர்ந்தது ஓசூர் பாகலூர் ரோட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடித்தனம். வீட்டுக்காரர் தெலுங்கு, பக்கத்து வீட்டு கௌரம்மா கன்னடம், நாங்கள் தெற்கத்தித் தமிழ். சண்டை மட்டும் எல்லோரும் ஒரே பாஷையில் போடுவோம்.

அதைச் சொர்க்கம் என்று எழுதினால் என் அம்மாவே என்னை மன்னிக்க மாட்டாள். கக்கூசுக்கு வரிசை, தண்ணீருக்கு அடிதடி. பக்கத்து வீட்டில் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று பரீட்சைக்குப் படிக்கிறபோது எனக்குப் பாடமாகிவிடும். எப்போது தனியாக ஒரு கதவு, தனியாக ஒரு குழாய் கிடைக்கும் என்றுதான் நானும் ஏங்கினேன். ஏங்கியது கிடைத்துவிட்டது, அதுதான் இப்போது பிரச்சினை.

ஆனால் லைனில் யாருக்கும் கார் இல்லை, யாரும் வேலைக்குத் தாமதமாகப் போனதும் இல்லை. முனையில் கம்பெனி பஸ் வரும். இட்லி மாவிலிருந்து காய்ச்சல் ஊசி வரை நடந்து போகிற தூரத்தில் கிடைத்தது. எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டும் யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டும் இருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் கார்டைத் தாழ்ப்பாளில் மாட்டுவார். குழந்தைகள் அந்த வாசலை விட்டுத் தள்ளிப்போய் விளையாட வேண்டும், குக்கர் வைக்கிறவர்கூட விசிலைப் பிடித்து மெதுவாக விடுவார்.

இதற்கு ஒரு மறுபாதியும் உண்டு. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் கார்டு தொங்கினால், பார்க்கிற யாராக இருந்தாலும் தட்டியே ஆக வேண்டும். கௌரம்மா கதவை உடைத்துவிடுகிற மாதிரி தட்டுவாள். “ஏளப்பா, பஸ் பந்த்து” என்பாள். எழுந்திரப்பா, பஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். பஸ் வந்திருக்காது. ஆனால் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்வரை அவள் நகர மாட்டாள். ராஜும் கல்யாணத்துக்கு முன்பு சாமல்பட்டியிலிருந்து வந்து ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியவர்தான். அவருக்கும் அது பழக்கம்.

4

தம்பி சேவியர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான். இன்னும் ஓசூரில்தான் இருக்கிறான், ஃபேக்டரியில் சூப்பர்வைசர். இந்த முறை அவன் பின்னால் செம்மண்ணும் கல் நட்ட மனைகளும் தெரிந்தன.

“அக்கா, பாரு. தொரப்பள்ளி தாண்டி. கார்னர் சைட்டுக்கா. ரெண்டு பக்கம் ரோடு, ரெண்டு கார் நிறுத்தலாம்.”

“உனக்கு ஏதுடா ரெண்டு கார்?”

“வாங்க மாட்டமா? நீ மட்டும் அங்க பெரிய வீட்ல இருப்ப, நாங்க லைன் வீட்லயே கிடக்கணுமா?”

“கம்பெனி பஸ் அங்க வருமா?”

“பஸ்ஸா? பைக் இருக்குதுல்ல. டவுன்ல என்ன இருக்குதுக்கா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டைக் கிராஸ் பண்ணவே அரை நாள் ஆவுது. ஊரு பூரா வண்டி.”

“எல்லாரும் உன்னை மாதிரி தொரப்பள்ளிக்கு அந்தாண்ட போயி, அங்கருந்து வண்டில டவுனுக்கு வந்தா ரோடு ரொம்பாம என்ன செய்யும்? மேரிக்கு வண்டி ஓட்ட வருமா?”

மேரி அவன் மனைவி. அவன் கொஞ்சம் யோசித்தான்.

“கத்துக்குவா. நீதான் பயந்தாங்கொள்ளி.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் பதினைந்து வருடமாக விழித்துக்கொண்டு பார்க்கும் கனவை அவன் இப்போதுதான் படுத்துக் காணத் தொடங்கியிருக்கிறான். ஊருக்குப் பக்கத்திலேயே ஒழுங்கான மாடி வீடு, நல்ல கக்கூஸ், நல்ல தண்ணீர், முனையில் பஸ் என்று யாராவது கட்டிக் கொடுத்தால் இவன் ஏன் தொரப்பள்ளி தாண்டிப் போகிறான்? லைன் வீடு, இல்லாவிட்டால் பொட்டல் காட்டில் கார்னர் சைட். இரண்டுக்கும் நடுவே எங்கள் ஊரில் எவரும் எதையும் கட்டுவதில்லை. இங்கேயும் கட்ட வந்தால் விடுவதில்லை.

5

நகராட்சியின் இணையப் பக்கத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கப் பெரிய பொத்தான் இருந்தது. ஆதரவு தெரிவிக்க எதை அழுத்துவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அரை நாள் விடுப்பு எடுத்து, இரண்டு பஸ் மாறி நேரில் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞன் மரியாதையாகவே பேசினான். “ஆதரிப்பதற்காக யாரும் இங்கே வந்ததில்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் யாரையோ கேட்டுவந்தான். கட்டடம் பற்றி முடிவெடுக்கும் நகராட்சிக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசலாம் என்றான். நான் பெயர் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

வீட்டில் நிஷாவிடம் ஒத்திகை பார்க்கலாம் என்று போனால், அவள் தரையில் அட்டையை விரித்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப உயரம், ரொம்ப நெருக்கம் என்று ஆங்கிலத்தில் அழகான எழுத்து. ஹெலனுக்காக.

“நிஷா, அது நம்ம வீடு.”

தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். “இன்னும் நம் வீடு இல்லை, அம்மா. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஹெலன் எங்கே கார் நிறுத்துவார்? நீ கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் நமக்கு அந்த வீடே தேவையில்லை.”

பள்ளி விட்டால் அவள் நேராக ஹெலன் வீட்டுக்குத்தான் போகிறாள். அங்கே டோஸ்ட் சாப்பிடுகிறாள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறாள். எங்கள் வீட்டில் தூங்குகிற அப்பா, பயப்படுகிற அம்மா. எனக்கே அங்கே போய் உட்காரத் தோன்றுகிறதே, பிள்ளையைச் சொல்லி என்ன பயன்? இருந்தாலும் வலித்தது. அந்த அட்டையைத் தாண்டித்தான் அன்று முழுவதும் நடமாடினேன்.

6

கூட்டத்தன்று வேலையிலிருந்து நேராகப் போய்விட்டேன். ஹாலில் ஐம்பது அறுபது பேர். முன்வரிசையில் ஹெலன், பக்கத்தில் அட்டையோடு என் மகள். அவள் என்னைப் பார்த்ததும் அட்டையை மெல்லத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டாள்.

ராஜை இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே இருட்டிவிட்டது. மூன்றாம் முறை அழைத்துக்கொண்டே ஹெலனின் இருக்கைக்குப் பின்னால் போய் நின்றேன்.

“ராஜ் எழுந்துவிட்டாரா, பார்த்தீர்களா?”

“இல்லை, கிளம்பும்போதும் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது” என்றார் ஹெலன். “தெருவிளக்குகூட எரிந்துவிட்டது. அசந்து தூங்குகிறார் போல. நிஷா பையை எடுக்க வீட்டுக்குப் போகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். சத்தம் போடக் கூடாது அல்லவா?”

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எங்கள் வழக்கத்தை எவ்வளவு சரியாகக் காப்பாற்றுகிறேன் பார் என்கிற முகம். தட்டக் கூடாது என்று மட்டும்தான் நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். எப்போது தட்டியே ஆக வேண்டும் என்பதைச் சொல்லவேயில்லை. ஓசூரில் அதை யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை, அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

“இருட்டின பிறகு கார்டு இருந்தா தட்டணும்” என்றேன். தமிழில் சொல்லியிருக்கிறேன். நிஷா எழுந்து நின்றுவிட்டாள். அவளேதான் அதை ஹெலனுக்கு மொழிபெயர்த்தாள்.

அப்போது மேடையிலிருந்து என் பெயரை அழைத்தார்கள். தப்பும் தவறுமாக உச்சரித்தாலும் என் பெயர்தான். எனக்கு அடுத்த பெயர் ஹெலனுடையது. நான் கையில் இருந்த தாளைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். பஸ் வர இன்னும் எவ்வளவு நேரமோ. ஹெலன் கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மறுபடி என் பெயரை அழைத்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அந்தச் சாலை அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. நிஷா பின் இருக்கையிலிருந்து ஆம்புலன்சுக்குப் பேசினாள். பேசி முடித்து என் தோளைப் பிடித்தவள், வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

ராஜ் சமையலறைத் தரையில் கிடந்தார். டீ கொட்டி, நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். நிஷா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். எங்களை யாரென்று தெரியாத பார்வை. பிறகு குழறலாகக் கேட்டார்.

“பஸ்ஸு போயிடுச்சா?”

“இல்லீங்க. இன்னும் வரல” என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

7

ராஜ் வீடு திரும்பிவிட்டார். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். ஹெலனும் நானும் பேசாமலேயே அந்தக் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். கட்டலாம், ஆனால் ஒரு மாடி குறைத்து. அந்த ஒரு மாடியோடு எங்களுக்கான வீடும் போய்விட்டதா என்று கேட்டால் இன்னும் தெரியாது என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் மேல்முறையீட்டுக்குப் போகலாம். போனால் வருடக்கணக்கில் இழுக்கும். போவதா வேண்டாமா என்று தெருவில் எல்லோரும் ஹெலனின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற வண்டி ஓட்டியவரிடம் போய் அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆனால் அவர் குப்பைத் தொட்டியை இழுத்து வைக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் படிக்கப் பார்க்கிறேன்.

சேவியரிடம் நடந்ததைச் சொன்னேன். “அங்க பக்கத்துல ஆளே இல்லியாக்கா?” என்றான். இருக்கிறார்கள், எல்லோரும் கார்னர் சைட்டில் இருக்கிறார்கள் என்றேன். மனையை வாங்கினானா விட்டானா என்று அவன் இதுவரை சொல்லவில்லை.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஹெலன் வீட்டுக் கதவில் ஏதோ தொங்கியது. பழைய பள்ளிக்கூட அடையாள அட்டை, நீலக் கயிறு. எங்களைப் பார்த்து விளையாட்டாகச் செய்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் தொங்கியது. தெருவிளக்கு எரிந்தது. அவர் வீட்டில் விளக்கு இல்லை.

பையைக்கூட வைக்காமல் தெருவைக் கடந்தேன். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால், பிறகு கௌரம்மா மாதிரி. என்னை அறியாமல் வாயிலிருந்து கன்னடம்தான் வந்தது.

“ஏளம்மா, பஸ் பந்த்து.”

உள்ளே சத்தமில்லை. மறுபடி தட்டினேன். அதற்குப் பிறகு செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஹெலன் கம்பளிச் சட்டையை மாட்டியபடி, கலைந்த தலையோடு நின்றார். கண் சிவந்திருந்தது.

“காலையிலிருந்து தலைசுற்றல். படுத்தே கிடந்தேன்” என்றார். “விளக்குப் போட எழுந்திருக்க முடியவில்லை. யாராவது தட்டுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.”

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துக் கஞ்சி மாதிரி ஒன்று வைத்துக் கொடுத்தேன். நிஷாவும் ஓடி வந்துவிட்டாள். ஹெலன் இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தக் கட்டடத்தில், உங்களுக்கு எந்த வீடு வேண்டும்? ஓர வீடா? அதில்தான் வெளிச்சம் நன்றாக வரும்.”

நாங்கள் பெயர் கொடுத்திருப்பதை நிஷா சொல்லியிருக்க வேண்டும். மேல்முறையீடு பற்றி அவர் என்ன முடிவெடுத்திருக்கிறார் என்று நான் அப்போதும் கேட்கவில்லை.

“ஓர வீடு வேண்டாம்” என்றேன். “நடு வீடு. மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், ரெண்டு பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கம் ஒருத்தர்.”

நிஷா அதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னாள். ஹெலன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அந்தப் பக்கத்து வீட்டுக்கு நானும் பெயர் கொடுக்கலாமா?” என்றார்.